சாட்சி பாட்டில்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. நீர் ஆய்வகத்தின் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. மற்றபடி எல்லாருக்கும் அவள் பாட்டில் அக்கா. தோளில் ஐஸ் பெட்டியும் முதுகில் பாட்டில் பையுமாக ஓடைக்குள் இறங்குகிறவளை முதன்முதலில் பார்த்தவர்கள், காலி பாட்டில் பொறுக்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டார்கள். பாலத்தருகே சைக்கிள் கடை வைத்திருந்தவர் இரக்கப்பட்டு, வீட்டில் சேர்ந்து கிடந்த காலி பாட்டில்களை ஒரு மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தே கொடுத்துவிட்டார். நல்ல மனசு. அவளும் மறுத்துப் பேசாமல் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு ஒட்டிய பெயர், பதினான்கு வருஷமாக உரியவில்லை.

அவள் வேலை தண்ணீர் எடுப்பது. அதற்கென்று ஒரு ஆளா என்று கேட்கிறவர்கள் ஒரே ஒரு நாள் அவளோடு போய்வர வேண்டும், பிறகு கேட்கமாட்டார்கள். தண்ணீரில் வாழ்கிற எதுவும், தண்ணீரைக் குடிக்க வந்துபோகிற எதுவும், தன்னில் கொஞ்சத்தை அதில் விட்டுவிட்டுத்தான் போகிறது. செதில், வழவழப்பு, எச்சில், கழிவு, உதிர்ந்த தோல், ஏதோ ஒன்று. கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் அந்தப் பிராணியின் மரபணு இருக்கும். சில நாள் இருந்துவிட்டுக் கரைந்துபோகும். அதற்குள் தண்ணீரை எடுத்து வடிகட்டி ஆய்வகத்தில் கொடுத்துவிட்டால், இன்ன இன்ன உயிர்கள் இந்த ஓடையில் இருக்கின்றன என்று பட்டியல் வந்துவிடும். வலை வீசவேண்டாம், தூண்டில் போடவேண்டாம், ஒரு பிராணியைக்கூடப் பார்க்கவேண்டாம்.

ஓடையில் பன்னிரண்டு இடங்கள் குறித்திருந்தார்கள். கீழே ஆற்றோடு சேரும் முகத்தில் ஒன்றாம் இடம், மேலே குன்றடியில் பன்னிரண்டாம் இடம். எப்போதும் கீழேயிருந்துதான் மேலே ஏறவேண்டும். மேலேயிருந்து தொடங்கினால் உன் காலில் கலங்கிய சேறும் உன் பூட்ஸில் ஒட்டியதும் உனக்கு முன்னால் அடுத்த இடத்துக்குப் போய்க் காத்திருக்கும். இடத்துக்கு இடம் புதுக் கையுறை. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பூட்ஸைப் பிளீச்சில் முக்கி எடுப்பது. பெரிய சிரிஞ்சால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கட்டைவிரல் அளவு வடிகட்டிக்குள் அழுத்தி ஏற்றி முடிப்பதற்குள் உள்ளங்கை கன்றிப்போகும். பன்னிரண்டு லிட்டர், ஒரே நாளில்.

பதின்மூன்றாவதாக ஒரு பாட்டில் உண்டு. அதில் ஆய்வகத்திலிருந்து கொண்டுபோன சுத்தமான தண்ணீர் இருக்கும். ஓடைக்கரையில் வைத்து அதையும் திறந்து, அதே கையால், அதே மாதிரி வடிகட்டவேண்டும். அதில் எதுவுமே வரக்கூடாது. ஒரு மீனோ தவளையோ அதில் தென்பட்டால், அது ஓடையிலிருந்து வந்ததல்ல, எடுத்தவளின் கையிலிருந்து வந்தது. அன்றைய வேலை மொத்தமும் குப்பை. அந்தப் பாட்டிலுக்கு ஆய்வகத்தில் சாட்சி பாட்டில் என்று பெயர். பதினான்கு வருஷத்தில் அவளுடைய சாட்சி பாட்டிலில் எதுவும் வந்ததில்லை. மற்றவர்கள் எடுத்ததில் எலி வந்தது, நாய் வந்தது, மதியம் சாப்பிட்ட கோழிகூட வந்தது. அக்கா எடுத்தால் சாட்சி சுத்தம் என்பது ஆய்வகத்தில் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. அவள் தூங்கும்போதும் கையுறையோடுதான் படுப்பாள் என்று கேலி செய்வார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை. பெருமைப்பட வேறு விஷயமும் அந்த வேலையில் மிச்சமில்லை.

ஏனென்றால் பட்டியல் வருஷா வருஷம் தேய்ந்துகொண்டே போயிற்று. அவள் சேர்ந்த வருஷம் முப்பத்தொரு வகை. நீர்நாய் இருந்தது, இரண்டு சாதி ஆமை இருந்தது, மீனே பதினாறு வகை. இப்போது எட்டு. அந்த எட்டில் எலி ஒன்று, தெருநாய் ஒன்று, இறைச்சிக் கடைக் கழிவில் வருகிற கோழி ஒன்று, மனிதன் ஒன்று. இவற்றை அறிக்கையில் சேர்க்கமாட்டார்கள், அடித்துவிடுவார்கள். மிச்சம் நான்குக்காக அவள் பன்னிரண்டு லிட்டர் அழுத்தினாள். ஊரில் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடந்தால் அக்கம்பக்கத்தார் ஒரு நடை போய்ப் பார்ப்பார்கள். இந்த ஓடைக்கு வந்துபோக அவள் ஒருத்திதான்.

ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று அவள் வீட்டில் இருந்தது. வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் இடத்தில், ஓட்டை அடைத்த பழைய குளியல் தொட்டி. அதற்குள் கூழாங்கல், குமிழி விடும் சின்ன மோட்டார், கல்லொட்டி மீன்கள்.

கல்லொட்டி விரல் நீள மீன். சேற்று நிறம். வாயைக் கல்லில் ஒட்டிக்கொண்டு நாளெல்லாம் சும்மா கிடக்கும். அழகு என்று அதன் தாய்கூடச் சொல்லமாட்டாள். உலகத்தில் இந்த ஓடையையும் பக்கத்து இரண்டு ஓடைகளையும் தவிர வேறெங்கும் அது இருந்ததில்லை. அந்த இரண்டும் வற்றிப் பல வருஷம். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கொடுங்கோடையில் இந்த ஓடையும் வற்றியது. ஒன்பதாம் இடத்தில், ஒரு பாறைக்கு அடியில், முறத்தளவு குட்டையில் ஐந்து கல்லொட்டிகள் முதுகு வெளியே தெரியத் துடித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். சுற்று வட்டாரத்தில் விட வேறு தண்ணீர் இல்லை. வாளியில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். சட்டப்படி அது குற்றம். அரசின் அரிய பிராணிகள் பட்டியலில் உள்ள எதையும் தொட்டாலே வேலை போய்விடும். மழை வரட்டும், கொண்டுபோய் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியவேண்டாம் என்று நினைத்தாள்.

மழை வந்தது. முதல் தண்ணீர் நுரையும் நாற்றமுமாக வந்ததால் விடவில்லை. அடுத்த மழைக்குள் ஓடையில் மண் அள்ள இயந்திரங்கள் இறங்கிவிட்டன. அதற்கடுத்த வருஷம் விடலாம் என்று வாளியில் எடுத்துப் போட்டுவிட்டு, மனசு வராமல் திரும்பத் தொட்டியிலேயே விட்டாள். ஆய்வகத்தில் சொல்லியிருக்கலாம். முதல் மாதம் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால், ஆறு மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஆறு வருஷம் கழித்து என்ன கேட்பார்கள் என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. நாள் போகப்போக நாக்கு கனத்துப்போனது. ஐந்து மீன் மூன்றாயிற்று. அவள் அள்ளி வந்த பிறகு ஓடைப் பட்டியலில் கல்லொட்டி வரவே இல்லை.

அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டி இடுப்பு போய் வீட்டோடு இருந்தவர். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. எனக்கு இடுப்பு வலித்தால் தைலம் எடுத்துத் தர ஆளில்லை, மீனுக்கு மோட்டார் நின்றால் வீடே ஓடுகிறது என்பார். மீன்களை ‘உன் பொறந்த வீட்டு ஆளுங்க’ என்றுதான் சொல்வார். ஆனாலும் முறை தவறாமல் அவற்றைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். தண்ணீர் எடுக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்தே அவள் பின்கட்டுப் பக்கம் தலைகாட்டமாட்டாள். கையில் துணியில் மீன் வாடை ஒட்டினால் சாட்சி பாட்டில் காட்டிக்கொடுத்துவிடுமே. அந்த நாட்களில் தீனி போடுவதும் ஞாயிற்றுக்கிழமை பாதித் தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதும் அவர் பொறுப்பு.

இப்படியிருக்கும்போதுதான் ஓடையை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. முழு நீளத்துக்கும் கான்கிரீட் பலகை போட்டு மேலே சாலை. வரைபடம் தயார், ஆட்கள் தயார். தடுக்க ஒரே ஒரு விதி இருந்தது: பட்டியலில் உள்ள அரிய பிராணி ஒன்றின் மரபணு அடுத்தடுத்து மூன்று முறை ஓடையில் கிடைத்தால், அந்த ஓடையின்மேல் யாரும் கைவைக்க முடியாது. ஆய்வகத்தை நடத்திய ஆய்வாளர் வயதில் சின்னவள், அவளை அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பெண். நான்கு மாதத்துக்கு ஒரு முறை என்று மூன்று முறை தண்ணீர் எடுக்க அனுமதி வாங்கிவிட்டாள். தேடவேண்டியது கல்லொட்டி. வேறு எதுவும் இருக்க வாய்ப்பில்லை.

முதல் முறை எடுத்த இரண்டாம் வாரம் ஆய்வாளர் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அக்கா, இருக்கு. ஒண்ணு ரெண்டு மூணு நாலு, நாலு இடத்துலயும் கல்லொட்டி இருக்கு. சாட்சி சுத்தம். ரெண்டு தடவை டெஸ்ட் ஓட்டிப் பாத்துட்டேன்.”

அவள் அன்று ஆய்வகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். யாருக்கும் காரணம் முழுதாகத் தெரியாது. மற்றவர்கள் ஓடை பிழைக்கும் என்று சந்தோஷப்பட்டார்கள். அவளுக்கு அதற்கு மேல் ஒன்று இருந்தது: தான் எடுத்துவந்த ஐந்தும் கடைசி ஐந்து அல்ல. ஆறு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று இறங்கிவிட்டது. நான் ஓடையைக் காலி பண்ணவில்லை, ஆளுங்க இருக்கிறாங்க, எங்கேயோ கல்லுக்கு அடியில் இருக்கிறாங்க. வீட்டுக்குப் போய்த் தொட்டிக்கு முன்னால் குந்தி அதை மீன்களிடமே சொன்னாள். அவை வழக்கம்போலக் கல்லைவிட்டு அசையவில்லை.

ஆய்வகச் சுவரில் ஓடைப் படம் மாட்டியிருந்தது. கிடைத்த இடங்களில் சிவப்பு ஊசி. நான்காம் இடத்தில்தான் அளவு மிக அதிகம், கீழே போகப்போகக் குறைவு, ஐந்தாம் இடத்துக்கு மேலே ஒன்றுமில்லை. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு மடு இருக்கவேண்டும், அங்கேதான் குடியிருக்கின்றன, ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள் ஆய்வாளர். அவள் மறுநாளே போனாள். நானூறு அடி தூரம். ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்தாள். மடு எதுவும் இல்லை. இடது கரையில், புதராக மண்டிய செடிக்குப் பின்னால், வடிகால் குழாய் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. புதுக் குழாய். அதிலிருந்து சோப்புத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

அவள் நின்றுவிட்டாள். அவள் தெருவில் போன வருஷம்தான் வடிகால் போட்டார்கள். மூன்று மாதம் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு மூடிவிட்டுப் போனார்கள். எங்கே கொண்டுபோய் விடுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. அதற்கு முன்னால் வீட்டுக்காரர் தொட்டித் தண்ணீரைப் பின்புறச் செடிகளுக்கு ஊற்றுவார்.

வீட்டுக்கு வந்து கேட்டாள். தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள். செடிக்குத்தானே.

“செடி வரைக்கும் வாளி தூக்கினா இடுப்பு தாங்குமா? வடிகால் வந்ததுலேர்ந்து அதுலதான் ஊத்துறேன். ஏன்?”

பூட்ஸுக்குப் பிளீச் போட்டவள், கையுறைக்கு மேல் கையுறை மாற்றியவள், மூன்று நாள் பின்கட்டுக்கே போகாதவள், தன் வீட்டு வாளி எங்கே கவிழ்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. ஓடைக்கும் தன் வீட்டுக்கும் நடுவே தானே ஒரு சுவர் கட்டிவிட்டதாக அவள் நினைப்பு.

இருந்தாலும் நப்பாசை விடுமா. அது வேறு தெருக் குழாயாக இருக்கலாமே. துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தாள். வீட்டுக்காரரை ஆட்டோவில் ஏற்றிக் குழாய் வாய்க்கு அனுப்பினாள். அவர் போய்ச் சேர்ந்து தொலைபேசியில் கூப்பிட்டதும் நீலத்தை வடிகாலில் கவிழ்த்தாள். இரண்டு பேரும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் ஏதோ வேடிக்கை சொன்னார், அங்கே கொசு கடித்ததைப் பற்றி. பத்து நிமிஷம் ஆயிருக்கும்.

“வருதும்மா,” என்றார். “நீலமா வருது.”

அவள் வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். இறங்கியிருந்த கல் மறுபடி ஏறி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது, முன்னைவிடக் கனமாக. ஓடையில் ஒரு கல்லொட்டியும் இல்லை. இருப்பது மூன்று, அவள் வீட்டுத் தொட்டியில். சிவப்பு ஊசி நான்கும் குத்தியிருப்பது அவள் வீட்டுக் கழிவுநீரில். ஆய்வகம் பொய் சொல்லவில்லை, தண்ணீரும் பொய் சொல்லவில்லை, சாட்சி பாட்டிலும் பொய் சொல்லவில்லை.

ஆய்வாளரிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று ஒரு வாரம் முழுக்கத் தினம் காலையில் கிளம்பினாள். போய் நின்றதும் சுவரில் அந்தப் படம் இருக்கும், மூன்று முறையும் முடியும்வரை வேலையை நிறுத்திவைத்து, ஓடையை மூடவந்த ஆட்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்ட செய்தியை யாராவது சொல்லிச் சிரிப்பார்கள். சொன்னால் அதே ஆட்கள் அதே சாமான்களோடு மறுவாரம் வந்து நிற்பார்கள். மீன் இல்லாத ஓடைதான். இருந்தாலும் அதில் இன்னும் தவளை கத்தியது, நாலு கொக்கு நின்றது. கான்கிரீட்டுக்கு அடியில் எது கத்தும்? அவள் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் முறை வந்தபோது, தான் எதையும் முடிவு செய்யவில்லை என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றுவது ஆறு வருஷ வழக்கம். வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி. வடிகால் பக்கத்தில் இருக்கிறது. இதில் புதிதாக யார் என்ன செய்தார்கள்? அவர் மட்டும் வாளியைத் தூக்கியபடி ஒரு முறை நின்று கேட்டார்.

“ஊத்தட்டுமா?”

அவள் முன்னறையில் சுவரைப் பார்த்தபடி ஊற்றுங்கள் என்றாள். திங்கட்கிழமை பன்னிரண்டு லிட்டர் எடுத்தாள். நான்கு இடத்தில் கல்லொட்டி. சாட்சி சுத்தம். ஆய்வாளர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குள் மூன்றில் ஒன்று செத்து, மீன் இரண்டாகியிருந்தது.

மூன்றாம் முறைக்கு நான்கு மாதம். அந்த நான்கு மாதம் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஓடை உயிரோடு இருப்பதும் இல்லாததும் இரண்டு கிழட்டு மீன்களின் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வெயில் நாளில் மின்சாரம் போய் மோட்டார் நின்றது. வீட்டுக்காரர் அசந்து தூங்கிவிட்டார். அவள் வந்து பார்த்தபோது ஒன்று மிதந்தது. அவர் அன்று வேடிக்கை பேசவில்லை. மன்னிச்சிடு என்று மட்டும் சொன்னார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் அந்தச் சொல்லைச் சொல்லி அவள் கேட்டதில்லை, கேட்க நன்றாகவும் இல்லை. மிஞ்சிய ஒற்றை மீனுக்கு ஒரு கண் வெளுத்துப்போயிருந்தது. தீனியைக் காட்டினாலும் கல்லைவிட்டு வராது. ஐஸ் போட்டுத் தண்ணீரைக் குளிர்வித்தாள், ஈரச் சாக்கு போட்டு வெயிலை மறைத்தாள், விடிந்ததும் முதல் வேலையாகப் போய்ச் செவுள் அசைகிறதா என்று பார்த்தாள். இன்னும் பதினைந்து நாள். இன்னும் பத்து நாள்.

எட்டு நாள் இருக்கும்போது அது செத்துப்போனது. மிதக்கவில்லை. கல்லில் ஒட்டியது ஒட்டியபடியே கிடந்ததால், காலையில் பார்த்துவிட்டு உயிரோடுதான் இருக்கிறது என்று நினைத்து அவள் வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் விரலால் தொட்டபோது கல்லைவிட்டு நழுவியது.

அவள் அழவில்லை. கூப்பிட்டு அழ அந்த மீனுக்கு ஒரு பெயர்கூட வைத்திருக்கவில்லை. உலகத்தில் அந்தச் சாதியில் அதுதான் கடைசி. அது தெரிந்த மனிதர்கள் இரண்டே பேர், அவளும் இடுப்பு வலிக்காரரும். அதைச் சின்னப் பெட்டியில் போட்டுக் குளிர்பெட்டியின் மேல் அறையில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவரும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவள் சொன்னாள்.

“நான் தொடமாட்டேன். தொட்டா சாட்சி பாட்டில்ல வந்துடும். நீங்கதான் செய்யணும். மிக்ஸியில வேணாம், அம்மியில அரைங்க. தொட்டித் தண்ணியில கரைச்சு நாளைக்கு ஊத்திடுங்க. ஊத்தினப்புறம் என் பக்கத்துல வராதீங்க.”

“உனக்கு இது சரியாப் படுதா?”

“இல்ல.”

அவள் பையை எடுத்துக்கொண்டு ஆய்வக விடுதி அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். குளித்தாள், புதுத் துணி உடுத்தினாள், நகத்துக்கு அடியில் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். திங்கட்கிழமை கீழேயிருந்து மேலே ஏறிப் பன்னிரண்டு லிட்டர் எடுத்தாள். நான்காம் இடத்தில் சிரிஞ்சை அழுத்தும்போது கை நின்றது. இந்தத் தண்ணீரில் அது இருக்கிறது. அம்மியில் அரைபட்டு, சோப்புத் தண்ணீரோடு கலந்து, இப்போது என் கையுறைக்கு நடுவில் போய்க்கொண்டிருக்கிறது. கடைசியில் எப்படியோ ஓடைக்குத் திரும்பி வந்துவிட்டது. பிறகு பதின்மூன்றாவது பாட்டிலைத் திறந்து, பதினான்கு வருஷம் செய்தது போலவே ஒரு குறையும் இல்லாமல் வடிகட்டினாள்.

நான்கு இடத்தில் கல்லொட்டி. சாட்சி சுத்தம்.

ஓடை பிழைத்துவிட்டது. சாலைத் திட்டம் வேறு பக்கம் போனது. இரு கரையிலும் கம்பிவேலி போட்டார்கள், பாலத்தருகே பலகை நட்டார்கள். பலகையில் கல்லொட்டியின் படம், அசலைவிட நல்ல நிறத்தில். இது கல்லொட்டியின் வாழிடம், குப்பை கொட்டாதீர், பிடிக்காதீர் என்று எழுதியிருந்தது. ஆய்வகத்தில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். அவளுக்கு மாலை போட வந்தபோது மறுத்து ஒதுங்கி, ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். ஆய்வாளர் அங்கேயே வந்து, அடுத்த வேலையைச் சொன்னாள்.

“இனிமேதான்க்கா நிஜமான வேலை. உயிரோட மூணு மீன் கையில கிடைச்சாப் போதும், மூணே மூணு. தலைநகர்ல இனப்பெருக்கக் கூடம் இருக்கு. ஓடுற தண்ணி, கூழாங்கல் எல்லாம் செட் பண்ணி வருஷத்துக்கு ரெண்டாயிரம் குஞ்சு எடுத்துடுவாங்க. எங்கேர்ந்து கிடைச்சுதுன்னுகூடக் கேக்கமாட்டாங்க. இந்த ஓடை என்ன, பக்கத்து ஓடைங்கள்லயும் விட்டுடலாம்.”

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தக் கூடம் எப்ப வந்துது?”

“அது இருக்குக்கா பத்து வருஷமா. நம்மகிட்டதான் கொடுக்க மீன் இல்ல.”

முதல் சிவப்பு ஊசி குத்திய அன்று அவள் தொட்டியில் மூன்று இருந்தன. அதற்கு ஆறு வருஷம் முன்னால் ஐந்து. யாரிடமும் கேட்காமல், கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, ஒவ்வொன்றாகச் சாகும்வரை பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். தலைநகருக்குப் பேருந்தில் ஏழு மணி நேரம். ஒரு மூடி போட்ட வாளி போதும். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்த ஆய்வாளர், வெயில்ல அலைஞ்சது என்று சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் வாங்கிக் குடித்தாள். அந்த நிமிஷம் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் பலகையைப் பிடுங்குவார்கள், வேலியைப் பிரிப்பார்கள், வேறு பக்கம் போன சாலை திரும்பி வரும். அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஓடை ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட அவளால் முடியவில்லை.

மீன் பிடிக்கும் பொறுப்பை அவளிடமே கொடுத்தார்கள். வேறு யாரிடம் கொடுப்பார்கள்? வலைக்கூண்டு ஆறு, குறிப்பேடு ஒன்று, வாரத்தில் வியாழக்கிழமை. வீட்டுக்காரர் ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டு ஒதுங்கிக்கொள்ளச் சொன்னார். ஒதுங்கினால் வேறொருத்தி வந்து மெனக்கெட்டுத் தேடுவாள், அந்தப் பாவமும் எதற்கு என்றாள். தொட்டியை அவர் காலி செய்து கவிழ்த்துவிட்டார். மோட்டாரை மட்டும் அவள் தூக்கிப்போட விடவில்லை.

வியாழக்கிழமை காலை ஓடையில் இறங்குவாள். நான்காம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் நடுவில்தான் ஆறு கூண்டும், அங்கேதான் இருக்கவேண்டும் என்று படம் சொல்கிறதே. ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீர் வடியும்வரை பிடித்திருப்பாள். சருகு இருக்கும், சில நாள் ஒரு தவளை இருக்கும். தவளையை விட்டுவிட்டுக் குறிப்பேட்டில் தேதி, கூண்டு எண், அதற்கு நேரே ‘இல்லை’ என்று எழுதுவாள். எட்டு மாதமாக அந்தப் பக்கங்களில் வேறு சொல் கிடையாது. பாலத்துச் சைக்கிள் கடைக்காரருக்கு இப்போது வயதாகிவிட்டது. பலகை வைத்ததிலிருந்து அந்த மீனின்மேல் அவருக்குச் சொந்தப் பிள்ளைபோல் ஒரு பாசம். தினம் வேலியோரம் குப்பை போடுகிறவர்களை விரட்டிவிடுகிறாராம். அவள் கூண்டைத் தூக்குவது தெரிந்தால் கடையை விட்டுவிட்டு வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொள்வார்.

“கிடைச்சுதாம்மா?” என்று மேலேயிருந்து கேட்டார் இந்த வியாழக்கிழமையும்.

அவள் காலிக் கூண்டை மறுபடி தண்ணீருக்குள் இறக்கிக் கல் வைத்து அழுத்தினாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னும் இல்லைங்க,” என்றாள்.